காதில் விட்டது வாயில் கசந்தது

தலெந்தாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய வலது பக்கம் போய் உட்கார வேண்டும். எங்கள் கிராமத்தில் இது எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் இடது காது சுவரைப் பார்த்து இருக்கும்படி அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைப்பார்கள். அவளோடு கடலோரம் நடந்து போகும்போது நாங்கள் எல்லாரும் தானாகவே வலது பக்கம் சேர்ந்துவிடுவோம்.

அவளுடைய நாத்தனார் ஷெத்லியா மட்டும் இடது பக்கம் நின்று பேசுவாள். திட்ட வேண்டியதை எல்லாம் அங்கே நின்று திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் வருவாள். பெண்களை மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்; தலெந்தாவும் அப்படியே கேட்பாள்.

"என்ன சொன்னீங்க, லல்லா?"

"உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன்."

"உப்புக்கா இவ்வளவு நேரம் வாய் அசைஞ்சுது?"

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். இதைக் கேட்டு என் அம்மா மாவு பிசைந்துகொண்டே சிரிப்பாள்.

தலெந்தாவின் காது சிறு வயதிலேயே போய்விட்டது. குளிர்காலம் வந்தால் அது வலிக்கும், பிறகு ஒழுகும். அவளுடைய அம்மா அருவதா இலையை ஆலிவ் எண்ணெயில் காய்ச்சி விடுவாள். வலி நிற்கும். மறு குளிர்காலம் மறுபடி ஒழுகும். எங்கள் கெர்கென்னாத் தீவில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படித்தான் காதில் பஞ்சோடு திரிந்தார்களாம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவளை இடது பக்கம் சுவரில் சாய்ந்தபடி உட்கார வைத்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் ஷெத்லியாவுக்கு விஷயம் தெரிந்தது. முற்றத்தில் நின்றுகொண்டு, "செவிட்டுப் பொண்ணை எங்க தலையில கட்டிட்டாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். தலெந்தாவின் கணவன் லம்ஜத் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். அவன் சிரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச வருஷத்துல எனக்கு ரெண்டு காதும் போயிடும்கா. அப்ப நீ யார்கிட்ட கத்துவே?" என்றானாம்.

வருஷத்தில் பாதி நாள் லம்ஜத் கடலில் இருப்பான். வீட்டில் இரண்டு பெண்களும் எட்டுக் கால் பேய்க்கணவாய்களைப் பிளந்து கொடியில் காயப்போடுவார்கள், ஒருத்தி இன்னொருத்தியைக் குறை சொல்வாள், மாலையில் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். வெகு காலம் கழித்து ஸிரீன் பிறந்தாள். பிறந்த அன்றே தலெந்தா செய்த முதல் காரியம், குழந்தையின் இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்ததுதான் என்று என் அம்மா சொல்வாள்.

அந்த வருஷம் ரமலான் நல்ல குளிரில் வந்தது. அக்கரையில் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கல்லூரி விடுமுறை விட்டு நான் தீவுக்கு வந்திருந்தேன். ஸிரீன் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கவில்லை. சளி பிடித்திருந்தது, பிறகு இடது காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

இடது காது என்று கேட்டதுமே தலெந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"டாக்டர் வர்ற நாளுக்கு இன்னும் இருக்கு" என்றாள் ஷெத்லியா. "அதுவரைக்கும் புள்ள கத்திக்கிட்டு இருக்கணுமா? எத்தனை வீட்டுப் புள்ளைங்களுக்கு நான் காய்ச்சிக் குடுத்திருக்கேன், என் தம்பி பொண்ணுக்குக் காய்ச்சத் தெரியாதா எனக்கு?"

உண்மைதான். காதுவலி என்றால் எங்கள் தெருவில் எல்லாரும் ஷெத்லியாவின் கதவைத்தான் தட்டுவோம். எனக்கும் சின்ன வயதில் அவள் எண்ணெய் விட்டிருக்கிறாள். ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் அருவதா இலையையும் போட்டு, இலை கறுப்பாகும் வரை காய்ச்சி, வடிகட்டி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பாள். வறுத்த உப்பைப் பழைய காலுறையில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல முடியாது. ஸிரீனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் அவள் நடந்த நடையில் ஒரு பாயே தேய்ந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் காலை தலையணையில் மஞ்சளாகச் சீழ் கொட்டியிருந்தது. குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். வலி போய்விட்டது. ஷெத்லியா முற்றத்துக்கு வந்து குலவையிட்டாள்.

"காது தொறந்துக்கிச்சு! கெட்டதெல்லாம் வெளியே வந்துடுச்சு!"

அன்று நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு முட்டை வைத்துப் பொரித்த பிரிக் வந்தது. மிச்சம் இருப்பதையும் கழுவி எடுக்க வேண்டும் என்று ஷெத்லியா எண்ணெயை நிறுத்தவில்லை. தலெந்தாவும் மறுக்கவில்லை. குழந்தை சிரித்ததைப் பார்த்து அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

காய்ச்சல் திரும்பி வந்தபோது அதைச் சளிக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள்.

நான் அன்று பிற்பகலில் கொத்துமல்லி கேட்கப் போனேன். சூப்பு அடுப்பில் இருந்தது, வானொலியில் யாரோ குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தலெந்தா பாயில் உட்கார்ந்து குழந்தையின் தலையை மடியில் சாய்த்திருந்தாள். தலையில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. ஷெத்லியா சூடான எண்ணெயைக் கரண்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். தலெந்தா துணியைக் கொஞ்சம் விலக்கி ஒரு சொட்டு விட்டாள், இன்னொரு சொட்டு விட்டாள்.

ஸிரீன் முகத்தைச் சுளித்தாள். "வாயில கசக்குதும்மா."

"என்னது?"

"கசக்குது. நேத்தும் கசந்துச்சு."

ஷெத்லியா கையைத் தட்டினாள். "பாத்தியா! தொண்டை வரைக்கும் எறங்கிடுச்சு. என் மருந்து போகாத எடமே இல்ல. இன்னும் ரெண்டு சொட்டு விடு, ஆறிடப் போகுது."

தலெந்தா கரண்டியைத் தரையில் வைத்தாள்.

"விடும்மா" என்றாள் ஷெத்லியா.

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"காதுல விட்டது வாய்க்கு வரக் கூடாது, லல்லா."

அவள் ஷெத்லியாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ரீம், ஒவ்வொரு வருஷமும் ரமலான் முடிஞ்சப்புறம் நான் தனியா நோன்பு வெக்கறேனே, ஏன்னு தெரியுமா உனக்கு?"

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஊரே பெருநாள் பலகாரத்தின் மிச்சத்தைத் தின்னும்போது அவள் பட்டினி கிடப்பாள் என்பதுதான். சொர்க்கத்தில் முன் வரிசையில் இடம் பிடிக்கப் பார்க்கிறாள் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"நோன்பு வெக்க ஆரம்பிச்ச புதுசுல, காது ஒழுகுதுன்னு எங்கம்மா எண்ணெய் விட்டாங்க. இதே கசப்பு நாக்குக்கு வந்துச்சு. நோன்பு முறிஞ்சிடுச்சோன்னு பயந்து இமாம்கிட்ட போய்க் கேட்டேன். காதுக்குள்ள ஜவ்வு முழுசா இருந்தா மருந்து தொண்டைக்கு வராது, வந்துச்சுன்னா உன் ஜவ்வுல ஓட்டை இருக்கு, அந்த நாளைத் திரும்ப வெச்சிடுன்னாரு. அப்பலேர்ந்து எண்ணெய் விடற நாளையெல்லாம் திரும்ப வெக்கறேன்."

அவள் சொன்ன சட்டம் எங்களுக்குப் புதிதில்லை. ஒவ்வொரு ரமலானிலும் வானொலியில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார், ஷேக் இந்தப் பதிலைச் சொல்வார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதை நோன்புக்கான பதிலாக மட்டும்தான் கேட்டிருந்தோம்.

"அது நோன்பு விஷயம்" என்றாள் ஷெத்லியா. "இது வைத்தியம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

"ஓட்டை ஒண்ணுதானே, லல்லா?"

ஷெத்லியா தரையில் இருந்த கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு நோன்பு போச்சுன்னுதான் சொன்னாங்க. காதே போயிடும்னு யாரும் சொல்லல." தலெந்தா குழந்தையின் தலைத்துணியை முழுவதும் அவிழ்த்தாள்.

குளிருக்காகச் சுற்றியிருந்த துணிக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அதுவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பு இருக்கும் இடம் சிவந்து, புடைத்து, பளபளவென்று இருந்தது. அந்த வீக்கம் காதையே முன்னால் தள்ளியிருந்தது. இடது காது கூஜாவின் கைப்பிடி போலத் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. தலெந்தா விரல் நுனியால் தொட்டாள். ஸிரீன் போட்ட அலறலில் கொடிக்கடியில் இருந்த பூனை குதித்து ஓடியது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு குழந்தையின் செருப்பைத் தேடினேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கிளினிக்கில் நர்ஸ் ஃபெத்ஹி மட்டும் இருந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் ஸிரீனின் காதுக்குப் பின்பக்கம் பார்த்தார். தொடவில்லை. வெளிச்சத்தில் திருப்பி இன்னொரு முறை பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி நீட்டிக்கிட்டு இருக்கு?"

"தெரியல. துணி சுத்தியிருந்தோம்."

"தலை சுத்துதுங்கறாளா? வாந்தி எடுத்தாளா?"

"காலைல எடுத்தா. சளின்னு நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தலெந்தாவின் வலது பக்கம் வந்து நின்றார். "இது காதுல மட்டும் இல்ல, எலும்புக்குப் போயிடுச்சு. அதுக்கு அந்தாண்ட மூளைதான் இருக்கு. இன்னைக்கே ஸ்ஃபாக்ஸ் போகணும், லல்லா. நாளைக்குன்னு சொல்லாதீங்க. காய்ச்சலுக்கு ஒரு ஊசி போடறேன், அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆம்புலன்ஸ் காலைல ஒரு பிரசவத்தைக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போச்சு. வேற வண்டி பாருங்க."

"இன்னைக்கா?" ஷெத்லியா வாசலில் நின்றிருந்தாள். எங்கள் பின்னால் அவள் வந்ததை நான் கவனிக்கவில்லை. "நோன்பு தொறக்கற நேரம் ஆகப்போகுது. வெளியே காத்தைப் பாத்தியா? தம்பி ஊர்ல இல்லாதப்ப..."

"லல்லா ஷெத்லியா" என்றார் ஃபெத்ஹி, "இங்க வந்து நீங்களே பாருங்க."

அவள் வந்து பார்த்தாள். வீட்டின் மங்கல் வெளிச்சத்தில் பார்த்ததை இப்போது குழல் விளக்கின் கீழே பார்த்தாள். பிறகு அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால் எங்கள் தீவில் ஒரு வண்டி கிடைக்காது. எல்லாரும் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். மீன்காரன் தாஹர் தன் பழைய பிக்கப் வண்டியிலிருந்து பேய்க்கணவாய்க் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஷெத்லியா கேட்கவே இல்லை. முன் கதவைத் திறந்து குழந்தையோடு தலெந்தாவை ஏற்றினாள், தானும் ஏறினாள். நான் பின்னால் காலிக் கூடைகளோடு உட்கார்ந்தேன்.

"எங்க போறோம்னாவது சொல்லுங்க" என்றான் தாஹர்.

"ஃபெர்ரிக்கு."

"ஃபெர்ரி நின்னுடுச்சே, லல்லா. காத்து மேக்குலேர்ந்து ஏறுது."

"நின்னுச்சா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். நீ வண்டிய எடு."

பக்கத்துத் தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டிப் போகும்போது இரண்டு பக்கமும் கடல் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. ஈச்ச ஓலையால் கட்டிய மீன்வேலிகள் காற்றில் சாய்ந்து கிடந்தன. பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். ஸிரீன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அசையாமல் இருந்தாள். தலெந்தா அடிக்கடி குனிந்து அவள் வாயருகே தன் கன்னத்தை வைத்தாள், மூச்சு படுகிறதா என்று.

துறையில் வண்டிகள் ஏறும் சாய்தளம் மேலே தூக்கியிருந்தது. ஃபெர்ரி கட்டிக் கிடந்தது. வரிசையில் நின்ற லாரிகளும் கார்களும் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மேற்கே சூரியன் புழுதி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. காவலாளி கையை விரித்தான்.

"இன்னைக்கு அவ்வளவுதான். காலைல வாங்க."

தலெந்தா அந்த இடத்திலேயே நின்றாள். "காலைல" என்று அவன் சொன்னது அவளுக்கு நன்றாகக் கேட்டது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். அக்கரை தெரியவில்லை.

ஷெத்லியா காவலாளியைத் தாண்டிப் போய், ஃபெர்ரியின் மேல்தட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"மப்ரூக்! அடேய் மப்ரூக்! வெளிய வாடா!"

மேலே ஒரு கதவு திறந்தது. கேப்டன் மப்ரூக் கம்பளிக் குல்லாயோடு எட்டிப் பார்த்தார். அவருக்கு நரைத்த தாடி. அவரை 'அடேய்' என்று கூப்பிடுபவள் தீவிலேயே ஷெத்லியா ஒருத்திதான். அவருடைய அம்மா பிரசவத்தில் இறந்தபோது, ஷெத்லியாவின் அம்மாதான் அவருக்குப் பால் கொடுத்தாள். அதனால் எங்கள் வழக்கப்படி அவர் அவளுக்கும் லம்ஜத்துக்கும் உடன்பிறப்பு.

"நோன்போட என்ன சத்தம்கா இது?"

"எங்கம்மாகிட்ட குடிச்ச பால் இன்னும் உன் வயித்துல இருக்கா, இல்ல கடல்ல கக்கிட்டியா?"

"இருக்குக்கா, இருக்கு. என்ன விஷயம்?"

"லம்ஜத் பொண்ணு சாகக் கெடக்கா. அவ உனக்கும் பொண்ணுதானே? கப்பல எடு."

"காத்துக்கு உங்கம்மா பால் குடுக்கலையேக்கா. அது யார் பேச்சக் கேக்கும்?"

வேடிக்கையாகச் சொன்னாரே தவிர, அவர் உடனே இறங்கி வந்தார். தலெந்தாவின் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தார். காது நீட்டிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் குல்லாயைப் பின்னால் தள்ளினார்.

"ஆள் எண்ணிக்கை கம்மியா, வண்டி ஏத்தாம போனா அவ்வளவா ஆடாது" என்றார் மெதுவாக. "ஆனா அக்கரைத் துறைமுகம் சரின்னு சொல்லணும். அவங்க சொல்லலைன்னா நான் கயித்தை அவுக்க முடியாது. என் கையில மத்தவங்க உயிரும் இருக்கு."

"கேளு."

அவர் மேலே போனார். நாங்கள் கீழே நின்றோம். கொடிக்கம்பத்தில் கயிறு டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. தாஹர் வீட்டுக்குப் போகாமல் வண்டியைக் காற்றுக்கு மறைவாக எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஸிரீன் ஒருமுறை கண்ணைத் திறந்து, "வெளக்கைத் தூக்கிட்டுப் போங்க, கண்ணு வலிக்குது" என்றாள். அங்கே விளக்கு எதுவும் இல்லை. தலெந்தா என் கையைப் பிடித்தாள். அவளுடைய நகம் பதிந்தது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கயிறு அடிக்கும் சத்தம் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்க ஆரம்பித்தது. சூரியன் கடலைத் தொடும் நேரத்தில் காற்று சில நாள் அப்படி மூச்சு வாங்கும். மேலிருந்து மப்ரூக் கையை அசைத்தார். சாய்தளம் இறங்கியது.

மாலுமிகள் யாரும் முணுமுணுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் சூப்பு அடுப்பில் இருந்திருக்கும்.

கரையை விட்டு விலகியதுமே வானொலியில் பாங்கு சொன்னது. ஒரு மாலுமி எங்களுக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்தான். தலெந்தா வாங்கவில்லை. ஷெத்லியா ஒரு பழத்தைக் கொட்டை எடுத்து அவள் வாயில் திணித்தாள்.

"தின்னு. நீயும் விழுந்துட்டா நான் எதைத் தூக்கறது?"

கப்பல் பக்கவாட்டில் ஆடும்போதெல்லாம் பெஞ்சு எங்களைத் தூக்கிப் போட்டது. ஷெத்லியா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், தலெந்தாவின் இடது பக்கம் உட்கார்ந்தாள். தலெந்தா மடியில் இருந்த முகத்தைவிட்டு வேறு எதையும் பார்க்கவில்லை. ஷெத்லியா அவளுடைய இடது காதருகே குனிந்து பேச ஆரம்பித்தாள். நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன்.

"உங்கம்மாவும் இதைத்தான் உனக்குக் காய்ச்சி விட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் காய்ச்சினேன். என் கை பக்குவம் வேறன்னு நெனச்சேன். செவிட்டுப் பொண்ணு, செவிட்டுப் பொண்ணுன்னு நான் சொன்னதை அல்லா கேட்டுட்டாரு தலெந்தா. கேட்டுட்டு இந்தப் புள்ள தலையில வெச்சுட்டாரு. என் காதை எடுத்துக்கட்டும். ரெண்டையும் எடுத்துக்கட்டும்."

பிறகு அவள் எழுந்து சுற்றி வலது பக்கம் வந்தாள்.

"என்ன சொன்னீங்க, லல்லா?" என்று தலெந்தா நிமிராமலே கேட்டாள்.

"கரை தெரியுதுன்னேன்."

ஸ்ஃபாக்ஸின் தெருக்கள் காலியாக இருந்தன. ஊரே வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மப்ரூக் துறையில் சொல்லிவைத்த ஒரு டாக்ஸி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது. அவசரப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் கையில் சூப்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். ஸிரீனைப் பார்த்ததும் கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டார். அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

"காதுல என்ன விட்டீங்க?"

தலெந்தா வாயைத் திறப்பதற்குள் ஷெத்லியா தன் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதை அவள் எப்போது எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

"இது. நான் காய்ச்சினது. அவ விடமாட்டேன்னு சொன்னா. நான்தான் விடச் சொன்னேன்."

மருத்துவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "அருவதாவும் பூண்டும். எங்க வீட்லயும் இதே வாசனைதான்." மூடியை மூடினார். "இந்த வீக்கம் எண்ணெயால வரல, அம்மா. சளி, அதுலேர்ந்து சீழ், சீழ் எலும்புக்குப் போச்சு. ஆனா காது ஒழுகுச்சுன்னா உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எண்ணெயோ தண்ணியோ தாய்ப்பாலோ, எதுவும் உள்ள போகக் கூடாது. அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். வலி நின்னுடுச்சுன்னு விட்டுட்டீங்க, இல்ல?"



"வாய்ல கசக்குதுன்னு சொன்னா" என்றாள் தலெந்தா. "அதுலதான் தெரிஞ்சுது எனக்கு."

மருத்துவர் அவளை ஒரு கணம் பார்த்தார். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்பதைக் கவனித்திருக்க வேண்டும். பிறகு பக்கத்தில் நின்ற ஓர் இளம் மருத்துவரிடம் பிரெஞ்சில் வேகமாகப் பேசினார். ஒரு நாள் தாமதித்திருந்தால் மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போயிருக்கும், இப்போதே போயிருக்கவும் கூடும், படம் எடுத்தால்தான் தெரியும், காலையில் எலும்பைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், கேட்கும் திறனைப் பற்றி இவர்களிடம் எந்த வாக்கும் கொடுக்காதே என்றார்.

"என்ன சொன்னாங்க, ரீம்?"

"காலைல ஆபரேஷன்னு சொன்னாங்க."

"அதுக்கா அவ்வளவு நீளம்?"

நான் குனிந்துகொண்டேன். தலெந்தா மருத்துவரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்தாள். பாதி வாசலில் நின்ற அவரை அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இவளும் என்னை மாதிரி ஆயிடுவாளா, டாக்டர்?"

"உயிரைப் பத்தி முதல்ல பேசலாம்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் நின்று, "காதைப் பத்தி எனக்குத் தெரியாது. காயம் ஆறட்டும்" என்றார்.

உயிர் தங்கியது. உறை வரை போகவில்லை. எலும்பில் சேர்ந்திருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். பெருநாளை இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்தார்கள். ஷெத்லியா பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுத்து, எல்லாரிடமும் சண்டையும் போட்டாள்.

ஸிரீன் பாதித் தலை மழித்து, பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தாள். கட்டு அவிழ்த்த பிறகும் தலெந்தா ஒரு சட்டம் போட்டிருந்தாள். குழந்தையின் இடது பக்கம் நின்று யாரும் கைதட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, சோதித்துப் பார்க்கக் கூடாது. மருத்துவர் பிறகு ஒரு தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார், மெஷின் வைத்துப் பார்ப்பார், அதுவரை யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். பிறந்த அன்று விரலைச் சொடுக்கியவள், இப்போது குழந்தையின் வலது பக்கத்தைவிட்டு நகர்வதே இல்லை. நாங்கள் எல்லாரும் ஸிரீனோடும் வலது பக்கமாகவே நடக்கப் பழகிக்கொண்டோம். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கல்லூரி திறப்பதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போக நான் அங்கே போனேன். முற்றத்தில் நல்ல வெயில். தலெந்தா பாயில் உட்கார்ந்திருந்தாள். ஸிரீன் வலது கன்னம் முழுவதும் அம்மாவின் மடியில் புதைய, அரைத் தூக்கத்தில் கிடந்தாள். பின்னால், இடது பக்கம், ஷெத்லியா கல் தொட்டியருகே பேய்க்கணவாய்களை அலசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் திட்டி நான் கேட்டு நாளாகிவிட்டது. அன்று என்ன கோபமோ, பழைய பழக்கத்தில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். அடுப்படி வாசலில் நின்ற எனக்கே அது பாதிதான் கேட்டது.

"உக்காந்திருக்கறதப் பாரு. வேலை கெடக்கு மலையாட்டம். சுண்ணாம்பு அடிச்ச ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டு."

ஸிரீன் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அம்மா, அத்தை உன்னை ஒட்டகம்னு சொல்றாங்க."

தொட்டியில் தண்ணீர் சத்தம் நின்றது.

"என்ன சொன்னே?" என்றாள் தலெந்தா.

"சுண்ணாம்பு அடிச்ச ஒட்டகம்." குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தலெந்தா குனிந்து பார்த்தாள். குழந்தையின் வலது காது அவள் மடியில், கம்பளிப் பாவாடையின் மடிப்புகளுக்குள் இருந்தது. இடது காதின் பின்னால் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அவள் குழந்தையின் தலையை அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஆமாம், அதைத்தான் சொன்னாள் என்று நான் தலையை ஆட்டினேன்.

"லல்லா" என்று கூப்பிட்டாள். "இன்னொரு தடவை திட்டுங்க."

ஷெத்லியா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவளுக்கு ஒரு வசவும் வரவில்லை. ஈரக் கையால் முகத்தைத் துடைத்ததில் பேய்க்கணவாயின் மை கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

"கழுதை" என்றாள் கடைசியில்.

"கழுதையாம்" என்றாள் ஸிரீன்.

"இன்னும் மெதுவா, லல்லா" என்றாள் தலெந்தா. "இன்னும் கொஞ்சம் மெதுவா."